வந்து பார்த்த கூலி

4 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

புது பில் புத்தகத்தில் 301-ஆம் எண்ணின் மஞ்சள் தாளைக் காணோம். வெள்ளைத் தாள் இருக்கிறது. அதற்கு அடியில் இருக்க வேண்டிய நகல் மட்டும் இல்லை. இன்னும் ஒரு பில்கூட எழுதாத புத்தகம் இது. அச்சகத்துக்காரர் ஒரு தாள் ஏமாற்றிவிட்டார் போலிருக்கிறது.

நலம் விசாரிக்காமல் தாளைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் இருவரும் நலம். அப்பாவின் இடது முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது மடங்க மாட்டேன் என்கிறது. அவர் அதை யாரிடமும் சொல்வதில்லை. பாதிப் படியில் நின்று, சுவருக்குள் குழாய் எங்கே ஓடுகிறது என்று தட்டிப் பார்ப்பதுபோல நடிக்கிறார்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் பில் புத்தகம் 300-இல் முடிகிறது. அதுவரை புதுப் புத்தகம்தான் எனக்குக் கடிதம் எழுதும் பலகை. மேசை விரிப்பு மேடும் பள்ளமுமாக இருக்கிறது, பேனா ஓட்டை போட்டுவிடுகிறது. அதனால் புத்தகத்தின் அட்டையை மடித்துவிட்டு அதன்மேல் தாளை வைத்து எழுதுகிறேன். நான் எப்படி அழுத்தி எழுதுவேன் என்று உனக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்பு டீச்சர், "உன் நோட்டு தொலைஞ்சா மேசையைப் படிச்சே மார்க் போட்டுடலாம்" என்பார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது, அழுத்தம் மட்டும் போகவில்லை.

அப்பா குழாய் சரிசெய்த பல் டாக்டருக்கு பில் கொடுக்க மூன்று முறை போனேன். மூன்று முறையும் வாசலோடு திரும்பிவிட்டேன். உள்ளே வரிசையாக உட்கார்ந்திருப்பவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். அப்பாவிடம், டாக்டர் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

போன கடிதத்தின் கடைசியில், "உன் நலமும் வீட்டுக் குழாய்களின் நலமும் அறிய ஆவல்" என்று எழுதியிருந்தாய். குழாய்கள் நலம். இந்த வீட்டில் குழாய்களைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
வாஷர்

13 ஜூன்

அன்புள்ள வாஷருக்கு,

நான் நலம். ஹாஸ்டலில் தண்ணீர் வருகிறது, சோறு வேகிறது, அறைத்தோழி குறட்டை விடுகிறாள். டைல்ஸ் கிடங்கில் ஒரு நாளைக்கு நாற்பது பில் போடுகிறேன். இங்கே யாரும் என் பில்லைக் கிழிப்பதில்லை.

அச்சகத்துக்காரர் ஒரே ஒரு தாளை எடுத்து என்ன செய்யப்போகிறார்? முழுப் புத்தகத்தையும் எண்ணிப் பார். எண்ணாமல் யார்மேலும் பழி போடாதே.

பல் டாக்டரிடம் போனால் நிமிர்ந்து நின்று, "குழாய் பில் சார்" என்று மட்டும் சொல். மூன்று வார்த்தைதான். உன்னால் முடியும். முடியாவிட்டாலும் பரவாயில்லை.

இன்னொன்று. பில்லில் சாமான், கூலி இரண்டும் போட்டால் போதாது. வீட்டுக்கு வந்து, குனிந்து பார்த்து, எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்ததற்கும் ஒரு வரி போட வேண்டும். வந்து பார்த்த கூலி. சரி, விடு. இதைச் சொல்லித்தான் நான் இங்கே இருக்கிறேன்.

உன் நலமும் குழாய்களின் நலமும் அறிய ஆவல்.

உன் அக்கா,
ஸ்பானர்

24 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். நீ அனுப்பிய தலைவலித் தைலம் வந்து சேர்ந்தது. அது ஒரு முழங்காலுக்குப் போய்விட்டது. யாருடையது என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எண்ணிப் பார்த்தேன். 302-இன் மஞ்சள் தாளும் இல்லை. அதற்குப் பிறகு 350 வரை எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்பாவிடம் சொன்னேன். "கிடக்கட்டும், ரெண்டு தாள்தானே" என்றார். குழாய் மரையில் சுற்றும் டேப்பைக் கடைசி விரல் நீளம் வரை வீணாக்காத மனிதர் இப்படிச் சொன்னதும் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொரு ஆச்சரியம். நான் ஒன்றும் கேட்காமலே, "டாக்டர் பில்லைக் கொண்டா, நானே குடுத்துட்டுப் போறேன். உனக்கெதுக்கு அங்கெல்லாம்" என்று வாங்கிக்கொண்டு போனார். வரும்போது பணமும் இருந்தது.

நீ எழுதிய வரியைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மாடி வீட்டம்மா வீட்டில் அப்பா ஒன்றரை மணி நேரம் தரையோடு தரையாகப் படுத்துக் கசிவைத் தேடினார். கடைசியில் ஒரு மரையை இரண்டு திருப்பு திருப்பினார், நின்றுவிட்டது. பில் எழுத எனக்குத் தரும் சீட்டில் "ஒன்றுமில்லை" என்று எழுதிக் கொடுத்தார். நானும் பில் எழுதவில்லை. ஆனால் அவர் சட்டை முதுகெல்லாம் சேறு. அதைத் துவைத்தது நான். ஒன்றுமில்லை என்பது அவ்வளவு அழுக்காக இருக்குமா? நீ சொன்னது சரி அக்கா. எனக்குத்தான் அதை அவரிடம் சொல்லத் தைரியம் இல்லை.

அன்புடன்,
வாஷர்

5 ஜூலை

வாஷர்,

நலம். வேலை அதிகம், சுருக்கமாக எழுதுகிறேன். தைலம் இன்னொன்று அனுப்பியிருக்கிறேன். தலைவலிக்குத்தான்.

ஸ்பானர்

20 ஜூலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தலைவலித் தைலம் நன்றாக வேலை செய்கிறது. படியில் சுவரைத் தட்டுவது குறைந்திருக்கிறது. நானும் நலம்.

நீ உட்கார்ந்துகொண்டு படி. போன வாரம் காலையில் அப்பா டீயை வைத்துவிட்டு, "இனிமே பில்லுல வந்து பார்த்த கூலின்னு ஒரு வரி போடு" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம். "எவ்வளவுப்பா?" என்றேன். "நியாயமா எவ்வளவோ அவ்வளவு. உனக்குத் தெரியும்" என்றார். முதல் பில் மாடி வீட்டம்மாவுக்கு. வேறு வழியில்லாமல் நானே கொண்டுபோனேன்.

"பார்த்ததுக்கெல்லாமா காசு? அப்ப நான் தினமும் உங்கப்பாவைப் பார்க்கிறேனே, எனக்கு யார் தருவா?" என்றார்.

எப்படியோ, "நீங்க படுத்துக்கிட்டுப் பார்க்கலையே" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டார். பணமும் கொடுத்தார். திரும்பி வரும் வழியெல்லாம் நன்றாக இருந்தது.

303-ஐயும் காணோம். புத்தகத்தோடு வந்த கார்பன் தாள் நான் தொடாமலே அடுத்த எண்ணுக்குப் போயிருக்கிறது. எலி என்றால் தின்னும், கார்பனை ஒழுங்காக நகர்த்தி வைக்காது.

நீ இரண்டு வரி எழுதினால் நான் இரண்டு நாள் யோசிக்கிறேன். நீளமாக எழுது.

அன்புடன்,
வாஷர்

2 ஆகஸ்ட்

அன்புள்ள வாஷருக்கு,

உன் கடிதத்தைக் கிடங்கின் பின்பக்கம் போய் மூன்று தடவை படித்தேன். "நீங்க படுத்துக்கிட்டுப் பார்க்கலையே" என்பதை அறைத்தோழியிடம் சொன்னேன். உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறாள்.

அந்த வரியைப் போடச் சொன்னது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து உன்னிடம் சொல்லியிருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை.

ஒரு செய்தி. கம்பெனி என்னைப் புதுக் கிளைக்கு மாற்றுகிறது. இங்கிருந்து இன்னும் ஒரு பகல் ஒரு ராத்திரிப் பயணம். டிசம்பர் முதல் தேதி அங்கே இருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு லீவு கிடைப்பது கஷ்டம். போவதற்கு முன் பத்து நாள் தருகிறார்கள். அந்தப் பத்து நாளுக்கு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை.

வரச்சொல்லி நீ கூப்பிடுவாய், எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டு வர முடியாது. அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு வார்த்தை. முடிந்தால் கேட்டுச் சொல். இங்கே போன் செய்யாதே, வார்டன் பக்கத்திலேயே நின்று கேட்பார்.

குழாய்கள் நலமா?

உன் அக்கா,
ஸ்பானர்

14 ஆகஸ்ட்

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

நீ கேட்டதை அப்பாவிடம் சொல்ல மூன்று தடவை போனேன். ஒரு தடவை அவர் காது குடைந்துகொண்டிருந்தார். ஒரு தடவை செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை சும்மாதான் இருந்தார், என்னால்தான் முடியவில்லை. "உப்பு போதுமாப்பா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். சாப்பாடு முடிந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

நீ போன அந்த நாளைப் பற்றி நாம் பேசியதே இல்லை. அன்று எனக்குப் பதினான்கு வயது. பேக்கரியில் மாவு மூட்டைக்குப் பின்னால் நின்றிருந்தேன். அடுப்பறைச் சாக்கடை அடைப்புக்கு அப்பா ஒன்பது தடவை போயிருந்தார். நீ ஒன்பது தடவைக்கும் பில்லில் எழுதியிருந்தாய். சாமான் கடைக்கு நாம் இரண்டு மாதம் பாக்கி வைத்திருந்தோம். நீ பில்லை நீட்டினாய். பேக்கரி மாமா வாங்குவதற்குள் அப்பா பிடுங்கி நான்காகக் கிழித்து, "சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிட்டா. நமக்குள்ள என்ன பில்லு" என்றார். நீ யாரையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பெட்டியை எடுத்தாய். அப்பா வாசலில் உட்கார்ந்து ஒரு குழாயைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நல்ல குழாய் அது. அதில் ஒரு பழுதும் இல்லை.

பஸ் போன பிறகும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். அதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தேன்.

304-உம் போய்விட்டது. இனி எண்ணப்போவதில்லை.

அன்புடன்,
வாஷர்

20 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரமாக உன் கடிதம் இல்லை. நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். நான் கேட்காமல் வந்துவிட்டேன் என்ற கோபம் என்றால் அது நியாயம்தான்.

மஞ்சள் தாள்களை யார் எடுத்தது என்று தெரிந்துவிட்டது.

300 முடிந்து நேற்றுப் புதுப் புத்தகத்தை ஆரம்பிக்க உட்கார்ந்தேன். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். "சீட்டு பையில இருக்கு, எடுத்துக்கோ" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தார். பையைத் திறந்தேன். டேப் சுருள்களுக்கு அடியில் தண்ணீர் படாமல் பாலிதீன் உறையில் ஒரு கட்டு. ஐந்து மஞ்சள் தாள். 301 முதல் 305 வரை. ஒவ்வொன்றிலும் நீல நிறத்தில் என் கையெழுத்து. "அன்புள்ள அக்காவுக்கு" என்று ஆரம்பித்தது.

புரிகிறதா அக்கா? நான் பலகையாக வைத்து அழுத்தி அழுத்தி எழுதியதெல்லாம் உள்ளே இருந்த கார்பன் வழியாக மஞ்சள் தாளில் இறங்கியிருக்கிறது. முதல் கடிதம் தற்செயல். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் அவர் எழுதிய தாளைக் கிழித்துக்கொண்டு, கார்பனை அடுத்த எண்ணில் வைத்திருக்கிறார்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. முழங்காலைப் பற்றி எழுதினேன், பல் டாக்டரிடம் போகாமல் பொய் சொன்னதை எழுதினேன், உப்பைக்கூட எழுதினேன். ஆகஸ்ட் பிற்பாதி முழுவதும் அப்பா தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். இப்போதுதான் காரணம் தெரிகிறது.

அந்தக் கட்டில் ஆறாவதாக ஒரு தாள் இருந்தது. பழையது, மடிப்பில் வெளுத்தது. எண் 117. உன் கையெழுத்து. பேக்கரி பில்லின் நகல். கிழிந்தது வெள்ளைத் தாள் மட்டும்தான் அக்கா.

எல்லாவற்றையும் எடுத்த மாதிரியே வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தை எழுத உட்காரும் முன், கார்பனைச் சுருக்கம் இல்லாமல் நீவி, மஞ்சள் தாளின்மேல் நானே வைத்தேன்.

அடுத்த வரி உனக்கு இல்லை.

அப்பா, அக்கா டிசம்பரில் ரொம்பத் தூரம் போகிறாள். அதற்கு முன் பத்து நாள் லீவு. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வருவாள். என்னால் வாயால் கேட்க முடியவில்லை.

அன்புடன்,
வாஷர்

9 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

இருவரும் நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம். உறைக்குள் இருக்கும் மஞ்சள் தாளை இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகு பிரி.

என் கடிதத்துக்குப் பிறகு அப்பா பத்து நாள் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார். "கெளம்பு. பேக்கரிக்குப் போகணும்."

பேக்கரி மாமா கல்லாவில் இருந்தார். அப்பா 117-ஐ எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"என்னய்யா இது? ரெண்டு வருஷத்துப் பழைய ரொட்டி மாதிரி பில்லு கொண்டு வர்ற?"

"அன்னைக்குக் கிழிச்சேன்ல, அதோட நகல். பெரியவ சரியாத்தான் எழுதினா. நான்தான் தப்பு பண்ணேன். காசைக் குடு."

கடையில் நான்கு பேர் நின்றிருந்தார்கள். நான்கு பேருக்கும் கேட்டது. பேக்கரி மாமா கல்லாவைத் திறந்தார்.

"யோவ், அன்னைக்கு நான் காசெடுக்கப் பையில கையை விட்டேன். நீ கிழிச்சதும் கையை வெளிய எடுத்துட்டேன். ஒன்பது தடவை வந்து சாக்கடையில இறங்கினவனுக்குக் காசு குடுக்க மாட்டேன்னு நான் எப்பய்யா சொன்னேன்?"

அப்பா, "குடுத்திருப்பியா?" என்றார், ரொம்ப மெதுவாக.

"கேட்டாத்தானே குடுக்க? நட்பு நட்புன்னு நீயா நெனச்சுக்கிட்டா நான் என்ன பண்ண?" என்று சொல்லிக்கொண்டே எண்ணிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "பெரியவ வந்தா ஒரு தடவை இந்தப் பக்கம் வரச் சொல்லு. திட்டிட்டுப் போகட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது அப்பா என்னைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அச்சகத்துக்காரனைத் திட்டாத. மே மாசம் புதுப் புத்தகத்தைப் புரட்டினேன். உன் எழுத்து இருந்துச்சு. அவ நல்லா இருக்கான்னு அதுல இருந்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்." கொஞ்சம் நடந்தார். "உன் பக்கம் மட்டும்தான் விழும். அவ என்ன எழுதியிருப்பான்னு நானா யோசிச்சுக்குவேன்."

வீட்டுக்கு வந்து, "இதை அவளுக்கு அனுப்பு" என்று 117-ஐக் கொடுத்தார். "ஏதாவது எழுதுங்கப்பா" என்றேன். வாயாலேயே கேட்டுவிட்டேன் அக்கா! பேனாவை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு குழாயை மாற்றிவிடலாம், அவ்வளவு நேரம் ஆனது. பிறகு பின்பக்கத்தில் எழுதினார். நான் பார்க்கவில்லை. இப்போது பிரி.

அன்புடன்,
வாஷர்

21 அக்டோபர்

அன்புள்ள வாஷருக்கு,

நான் நலம். இத்தனை நாள் நான் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. அந்த நல்ல குழாயைப் பற்றி நீ எழுதியதும் எனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு முறை எழுதிக் கிழித்தேன். நம் வீட்டில் கிழிப்பது பரம்பரை வியாதி.

தாளைப் பிரித்தேன். முன்பக்கம் என் பில், அதன் குறுக்கே "பணம் வந்தது" என்று கையெழுத்து. பின்பக்கம் "பில் சரி. வா." ஒரு வார்த்தை கேட்டேன், மூன்று வந்திருக்கிறது. கிடங்கில் எல்லார் முன்னாலும் அழுதேன். டைல்ஸ் உடைந்துவிட்டதோ என்று மேலாளர் ஓடிவந்தார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்கதோஷத்தில் அந்த பில்லைக் கூட்டிப் பார்த்தேன். வாஷர், யாரிடமும் சொல்லாதே. பத்து ரூபாய் கூடுதலாகப் போட்டிருக்கிறேன். இரண்டு வருடமாக நான் நெஞ்சில் சுமந்த பில்லில் கூட்டல் தப்பு! பேக்கரி மாமாவிடம் பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடு. திட்டுவதற்கு நான் வர வேண்டியதில்லை, அவர்தான் என்னைத் திட்ட வேண்டும்.

நவம்பர் பதினெட்டாம் தேதி காலை பஸ்ஸில் வருகிறேன். முழுதாகப் பத்து நாள். முழங்காலுக்கு நல்ல பட்டி ஒன்று வாங்கியிருக்கிறேன். புதுக் கிளைக்குப் போகத்தான் போகிறேன். ஆனால் லீவு எழுதிக் கேட்க இனி எனக்கு ஒரு வீட்டு முகவரி இருக்கிறது.

உன் நலமும் அப்பாவின் நலமும் அறிய ஆவல்.

உன் அக்கா,
ஸ்பானர்

28 அக்டோபர்

அன்புள்ள அக்காவுக்கு,

குழாய்கள் நலம், அப்பா நலம், நான் நலம். உன் கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் அறைக் குழாயை அப்பா மாற்றிவிட்டார். அதற்குச் சீட்டும் கொடுத்தார்: "பெரியவள் அறை, 1 குழாய், ஒன்றுமில்லை." நான் பில் எழுதவில்லை.

கூட்டல் தப்பை அவரிடம் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். பத்து எடுத்துக்கொண்டு பேக்கரிக்குக் கிளம்பும்போது வாசலில் பிடித்துக்கொண்டார்.

"எங்க?"

"பேக்கரிக்கு."

"அந்தப் பத்தா? நான் அன்னைக்கே குடுத்துட்டேன்."

"தெரியுமாப்பா?"

"ரெண்டு வருஷமா தெரியும். பையில வெச்சுக்கிட்டு தினம் பார்க்கிறேன், கூட்டிப் பார்க்க மாட்டேனா? அதுக்காக அவ எழுதினது தப்பாயிடுமா?"

பதினெட்டாம் தேதி பஸ் நிலையத்துக்கு இருவரும் வருவோம்.

அன்புடன்,
வாஷர்

பி.கு. மேலே எழுதி முடித்து உறையைத் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து எதிரில் உட்கார்ந்தார். பில் புத்தகத்தைப் பார்த்தார், உன் கடிதத்தைப் பார்த்தார், மேசை விரிப்பைப் பார்த்தார். பிறகு, "அவ பக்கம் என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டார். நான் கார்பனை எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, உன் கடிதத்தைப் பிரித்து, "அன்புள்ள வாஷருக்கு" என்பதிலிருந்து சத்தமாகப் படித்தேன்.